படம் வரைந்தவருக்கும் பரிசு உண்டா? சிறுவர் நூல் விருதுகளின் கதை

நூலகத்தின் சிறுவர் பகுதியில் ஆங்கிலப் படக்கதை அலமாரியைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். சில நூல்களின் அட்டையில் வட்டமாக, தங்க நிறத்தில் ஒரு முத்திரை இருக்கும். சின்ன வயதில் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்போம்.

அது விருதின் முத்திரை. சரி, அந்த விருது யாருக்கு? கதை எழுதியவருக்கா, படம் வரைந்தவருக்கா?

விருதுக்கு விருது பதில் மாறும். படம் வரைபவருக்கும் தனியாக ஒரு பரிசு தரவேண்டும் என்று உலகம் ஒப்புக்கொள்ளவே பல ஆண்டுகள் ஆயின. தமிழில் அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. எழுதும் ஆசையோ வரையும் ஆசையோ உங்களுக்கு இருந்தால் இந்த விருதுகள் எப்படி இயங்குகின்றன என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஆசை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கதை சுவாரஸ்யமானது.

முதலில் எழுத்து, அப்புறம்தான் படம்

சிறுவர் நூல்களுக்கென்றே ஏற்படுத்தப்பட்ட விருதுகளில் ஆகப் பழமையானது அமெரிக்காவின் நியூபெரி பதக்கம். ஃபிரெடரிக் மெல்ச்சர் என்ற பதிப்புத்துறைக்காரர் 1921இல் யோசனை சொன்னார், அமெரிக்க நூலகச் சங்கம் ஏற்றுக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் சிறுவர்களுக்காக நூல்களை அச்சிட்டு விற்ற ஜான் நியூபெரியின் பெயரைப் பதக்கத்துக்கு வைத்தார்கள்.

1922இல் முதல் பதக்கம். சிறுவர் நூலகர்கள் வாக்களித்தார்கள். பதிவான 212 வாக்குகளில் 163, ஹெண்ட்ரிக் வில்லம் வான் லூன் எழுதிய ‘த ஸ்டோரி ஆஃப் மேன்கைண்ட்’ நூலுக்கு. (அதே 1922இல்தான் நம்ம குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும் பிறந்தார். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆண்டை ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி, அவ்வளவுதான்.)

ஆறு ஆண்டு கழித்து, 1928இல், இந்தப் பதக்கம் கல்கத்தா அருகே பிறந்த ஒருவருக்குப் போனது. பெயர் தன கோபால் முகர்ஜி. அவருடைய ‘கே-நெக்’ ஒரு புறாவின் கதை. கல்கத்தாவில் பழக்கப்பட்ட அந்தப் புறா, முதல் உலகப் போரில் போர்க்களத்துக்கே தகவல் சுமந்து போகும். ஆசியர் ஒருவர் இவ்வளவு சீக்கிரமே இந்தப் பரிசை வாங்கிவிட்டார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

ஆனால் படம் வரைந்தவர்களுக்கு? எதுவும் இல்லை. மெல்ச்சரே மறுபடி யோசனை சொல்லி, இரண்டாவது பதக்கம் ஒன்று வந்தது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் ரண்டால்ஃப் கால்டெகாட்டின் பெயரில் அது முதன்முதலில் வழங்கப்பட்டது 1938இல். வாங்கியவர் டோரதி லேத்ராப். நடுவில் 16 ஆண்டுகள் ஓடிவிட்டன.

அமெரிக்காவில் மட்டும்தான் இப்படியா என்றால், இல்லை. பிரிட்டனில் கார்னகி பதக்கம் எழுத்தாளர்களுக்காக 1936இல் தொடங்கியது. ஆர்தர் ரான்சம் எழுதிய ‘பிஜியன் போஸ்ட்’ முதல் வெற்றி. (இங்கேயும் புறா!) ஓவியர்களுக்கான கேட் கிரீனவே பதக்கம் 1955இல்தான் ஏற்படுத்தப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் ஆண்டில் தகுதியான நூலே இல்லை என்று சொல்லி யாருக்கும் கொடுக்கவில்லை. மறு ஆண்டு வெளிவந்த நூலுக்காக எட்வர்ட் ஆர்டிசோன் பெற்றார்.

உலக அளவில் பெரிய பெயர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது. எழுத்தாளருக்கு 1956 முதல். ஓவியருக்கு 1966 முதல்.

மூன்று விருதுகள், மூன்றிலும் ஒரே வரிசை. எழுத்தாளர் முதலில் உள்ளே போகிறார். ஓவியர் பத்திலிருந்து இருபது ஆண்டு வாசலில் நிற்கிறார்.

படத்துக்கு எதுக்குத் தனிப் பரிசு?

கதையில் ‘யானை வந்தது’ என்று இருந்தால் யானையை வரைவதுதான் ஓவியர் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களிடம் ஒரு நூலைக் காட்டலாம்: மோரிஸ் செண்டாக்கின் ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’. 1964இல் கால்டெகாட் பதக்கம் பெற்றது. மொத்தமே 338 சொற்கள்.

அம்மாவிடம் திட்டு வாங்கிய பையன் ஒருவன் கோபத்தோடு அறைக்குள் இருக்கிறான். முதல் பக்கங்களில் படம் சின்னதாக, சுற்றிலும் வெள்ளை இடம் அதிகமாக இருக்கும். அவனுடைய கற்பனை வளர வளர அறை காடாகிறது. படமும் பக்கத்தை நிறைத்துக்கொண்டு பெரிதாகிறது. விநோத மிருகங்களோடு அவன் ஆட்டம் போடும் இடத்தில், இரண்டிரண்டு பக்கமாக மூன்று முறை, சொல்லே கிடையாது. முழுக்கப் படம்தான். வீடு திரும்பும்போது சொற்கள் மெல்லத் திரும்புகின்றன. கடைசிப் பக்கத்தில் படமே இல்லை, சில சொற்கள் மட்டும்.

கோபம் எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்பதை அந்த நூல் சொற்களில் சொல்லவே இல்லை. படத்தின் அளவு சொல்லிவிடுகிறது. படிக்கத் தெரியாத குழந்தைக்கும் அது புரியும். அதுதான் ஓவியர் செய்யும் வேலை.

செண்டாக் எழுதவும் செய்தார், வரையவும் செய்தார். எழுதியவரும் வரைந்தவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால்? கால்டெகாட் பதக்கம் வரைந்தவருக்கு மட்டும்தான், எழுதியவருக்குக் கிடையாது. சொற்களே கிட்டத்தட்ட இல்லாத நூல்களும் வென்றிருக்கின்றன. ஜெர்ரி பிங்க்னியின் ‘த லயன் அண்ட் த மவுஸ்’ (2010) அப்படி ஒன்று. சிங்கமும் எலியும் நமக்குத் தெரிந்த ஈசாப் கதைதானே, எதற்குச் சொல் என்று விட்டுவிட்டார். 2008இல் வென்ற ‘த இன்வென்ஷன் ஆஃப் ஹ்யூகோ காப்ரே’ 533 பக்கம். ‘படக்கதைன்னா சின்னப் புள்ளைங்க புத்தகம்’ என்று சொல்பவர் தலையில் போட்டால் வலிக்கும்.

எழுத்துப் பரிசின் பக்கமும் எல்லைகள் தளர்ந்துகொண்டு வருகின்றன. 2016இல் ‘லாஸ்ட் ஸ்டாப் ஆன் மார்க்கெட் ஸ்ட்ரீட்’ என்ற படக்கதை நூலுக்காக அதன் எழுத்தாளர் மாட் டி லா பெனாவுக்கு நியூபெரி கிடைத்தது. 2020இல் ஜெர்ரி கிராஃப்டின் ‘நியூ கிட்’, நியூபெரி வென்ற முதல் வரைகலை நாவல் ஆனது. பள்ளி நூலகத்தில் ‘காமிக்ஸ் எல்லாம் படிப்பில் சேருமா’ என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஆண்டைச் சொல்லலாம்.

ஒரு நூலுக்கா, மொத்த உழைப்புக்கா?

இதுவரை பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஒரு குறிப்பிட்ட நூலுக்குத் தரப்படுபவை. ஆண்டர்சன் விருது அப்படியல்ல. ஒருவர் அதுவரை செய்த மொத்தப் பணிக்கு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தருகிறார்கள். பணம் கிடையாது. தங்கப் பதக்கமும் சான்றிதழும்தான். நீங்களாக விண்ணப்பிக்கவும் முடியாது. அந்தந்த நாட்டின் பிரிவுதான் பெயரைப் பரிந்துரைக்கும்.

இதை வழங்கும் ‘ஐபிபிஒய்’ அமைப்பு பிறந்த கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ஜெல்லா லெப்மன் ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண், செய்தியாளர். நாஜிக்களிடமிருந்து தப்பி லண்டன் போனவர். போர் முடிந்த 1945இல், அமெரிக்க ராணுவத்தின் ஆலோசகராக அதே ஜெர்மனிக்குத் திரும்பினார். பெண்கள், சிறுவர்கள் விவகாரம் அவர் பொறுப்பு. இடிபாடுகளுக்கு நடுவே பிள்ளைகளுக்குச் சோறு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் நூல் என்று அவர் நினைத்தார். ஆனால் நாட்டில் மிச்சம் இருந்ததோ நாஜிக் காலத்து நூல்கள்.

20 நாடுகளுக்குக் கடிதம் எழுதினார்: உங்கள் நாட்டுச் சிறுவர் நூல்களை அனுப்புங்கள். ஜெர்மனியால் இருமுறை தாக்கப்பட்ட பெல்ஜியம் முதலில் மறுத்தது. லெப்மன் விடவில்லை, மறுபடி எழுதினார். நூல்கள் வந்தன. 1946இல் மியூனிக் நகரில், நாஜிக்கள் கட்டிய கலைக்கூடத்திலேயே, அவற்றைக் காட்சிக்கு வைத்தார். மொழி தெரியாத பிள்ளைகள் அங்கே பார்த்தது எதை? படங்களைத்தான். 1949இல் அந்தச் சேகரிப்பு அனைத்துலக இளையர் நூலகமானது. 1953இல் ‘ஐபிபிஒய்’ பிறந்தது. ஆண்டர்சனின் பிறந்தநாளான ஏப்ரல் 2 அனைத்துலகச் சிறுவர் நூல் நாளாகக் கொண்டாடப்படுவதும் அவர்கள் ஏற்பாடுதான். நம் ஊர் தமிழ்மொழி விழாவும் ஏப்ரலில் வருவது தற்செயல்.

ஆண்டர்சன் விருதில் பணம் இல்லை என்றேனே, அதற்கு நேரெதிர் சுவீடனின் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் நினைவு விருது. அந்நாட்டு அரசாங்கம் 2002இல் ஏற்படுத்தியது. பரிசு 5 மில்லியன் குரோனர், அதாவது நம் நாணயத்தில் அரை மில்லியன் வெள்ளிக்கும் மேல். இதில் எழுத்தாளருக்குத் தனி, ஓவியருக்குத் தனி என்ற பிரிவே இல்லை. எழுதுபவர், வரைபவர், வாய்மொழியாகக் கதை சொல்பவர், வாசிப்பை வளர்க்கும் அமைப்பு எல்லாரும் ஒரே பந்தியில். முதல் முறை, 2003இல், எழுத்தாளர் கிறிஸ்டினே நோஸ்ட்லிங்கரும் நாம் மேலே பார்த்த செண்டாக்கும் பகிர்ந்துகொண்டார்கள்.

2011இல் அந்த விருதைப் பெற்ற ஷான் டேன் ஆஸ்திரேலியர். அவருடைய அப்பா மலேசியாவிலிருந்து போனவர். ஷான் டேனின் ‘த அரைவல்’ நூலில் ஒரு சொல்கூடக் கிடையாது. புது நாட்டுக்கு வேலை தேடிப் போகும் ஒருவர், அங்கே எதையும் படிக்கத் தெரியாமல் தவிப்பதைப் படங்களே சொல்கின்றன. நாமும் அவரோடு சேர்ந்து தவிக்கிறோம், ஏனென்றால் நமக்கும் படிக்க எதுவும் இல்லை. நம் தாத்தா பாட்டி கப்பலில் வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த நூல் எங்கோ இடிக்கும்.

விருது எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது

2020இல் இதே லிண்ட்கிரன் விருது தென்கொரியாவின் பேக் ஹீ-நாவுக்குப் போனது. அவர் பாணி தனி. காகிதத்திலும் களிமண்ணிலும் குட்டி மனிதர்களையும் வீடுகளையும் செய்து, விளக்கு போட்டு, படம் பிடித்து நூலாக்குவார்.

அவருடைய முதல் பெரிய நூல் ‘கிளவுட் பிரெட்’, 2004இல் வந்தது. மரத்தில் மாட்டிக்கொண்ட மேகத்தை எடுத்து வந்து ரொட்டி சுட்டுத் தின்றால் பறக்கலாம் என்று ஒரு கதை. கொரியாவில் பெரிய வெற்றி. பல மொழிகளுக்குப் போனது, கேலிச்சித்திரத் தொடரானது, இசை நாடகமானது, பொம்மைகளும் வந்தன.

அந்த வருமானம் அவருக்கு வரவில்லை. புதியவராக இருந்த காலத்தில், நூலின் உரிமை முழுவதையும் ஒரே தொகைக்கு எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். அதை எதிர்த்து நீதிமன்றம் போனார். 2020 மார்ச் இறுதியில் லிண்ட்கிரன் விருது அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் நாட்டின் உச்ச நீதிமன்றம் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

உலகின் ஆகப் பெரிய சிறுவர் இலக்கியப் பரிசுகளில் ஒன்று கையில் இருக்கிறது, தன்னைப் பிரபலமாக்கிய நூலோ கையில் இல்லை. விருதுகளைப் பற்றிப் பேசும்போது இந்த ஒரு கதையை நான் எப்போதும் சேர்த்துக்கொள்வேன். மேடையில் கிடைப்பது ஒன்று, ஒப்பந்தத்தில் இருப்பது வேறொன்று.

அப்படியானால் விருதால் என்ன பயன்? பெரும்பயன் பணத்தைவிட ஆயுள்தான். விருது வாங்கிய நூலை நூலகங்களும் பள்ளிகளும் தேடி வாங்கும், பதிப்பகம் மறுபதிப்பு போடும். அந்த வட்ட முத்திரை இருக்கும்வரை கடைக்காரரும் அலமாரியின் முன்வரிசையில் வைப்பார். ஓவியருக்கு இன்னொன்று கிடைக்கிறது. அவர் பெயரை மக்கள் உச்சரிக்கத் தொடங்குகிறார்கள்.

யார் முடிவு பண்றாங்க?

பெரும்பாலும் பெரியவங்கதான். நூலகர்கள், ஆசிரியர்கள், விமர்சகர்கள். அவர்கள் தேர்வும் பிள்ளைகள் தேர்வும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை.

1953 நியூபெரியைப் பாருங்கள். பதக்கம் ஆன் நோலன் கிளார்க் எழுதிய ‘சீக்ரெட் ஆஃப் த ஆண்டிஸ்’ நூலுக்கு. சிறப்பு மரியாதையோடு நின்றுபோன நூல் ‘ஷார்லட்ஸ் வெப்’. பன்றிக்குட்டியும் சிலந்தியும் நட்பாகும் அந்தக் கதை உங்கள் தொடக்கப்பள்ளி வகுப்பிலேயே இருந்திருக்கும். பதக்கம் வாங்கிய நூலின் பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள், இல்லையா? ரோல்ட் டாலுக்கும் கார்னகி பதக்கம் கடைசிவரை கிடைக்கவில்லை. பிரிட்டனில் சிறிது காலம் இருந்த ‘ஸ்மார்ட்டீஸ்’ பரிசு இதற்கு ஒரு வழி கண்டது: பெரியவர்கள் பட்டியலைச் சுருக்குவார்கள், பிள்ளைகள் வாக்களிப்பார்கள்.

அதைவிடக் கடினமான கேள்வி, யார் கண்ணுக்கு யார் தெரியவில்லை என்பது. 1969 வரை நியூபெரி, கால்டெகாட் இரண்டையும் ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கர்கூட வாங்கவில்லை. அந்த ஆண்டு நூலகச் சங்க மாநாட்டில், மார்ட்டின் லூதர் கிங்கின் படம் ஒன்றுக்காக ஒரே கடையில் நின்ற இரண்டு நூலகர்கள், கிளிண்டன் கிரீரும் மேபல் மெக்கிசிக்கும், இதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சிலிருந்து வந்தது கொரெட்டா ஸ்காட் கிங் விருது. 1970இல் முதல் பரிசு, எழுத்துக்கு. ஓவியத்துக்கு 1974இல். அதே வரிசைதான், கவனித்தீர்களா? வர்ஜீனியா ஹாமில்டன் நியூபெரியை வென்றது அதற்கு அடுத்த ஆண்டு, 1975இல்.

பெயரையே மாற்றிய விருதும் உண்டு. லாரா இங்கல்ஸ் வைல்டர் பெயரில் இருந்த விருதை, அவர் நூல்களில் அமெரிக்கப் பழங்குடியினரும் கறுப்பினத்தவரும் காட்டப்பட்ட விதத்தைக் காரணம் காட்டி, 2018இல் ‘சிறுவர் இலக்கிய மரபு விருது’ என்ற பொருளில் மாற்றினார்கள். நூல்களைத் தடை செய்யவில்லை. பெயரை மட்டும் எடுத்தார்கள். அது போதுமா, அதிகமா என்று இன்றும் வாதம் நடக்கிறது.

தமிழ்ல என்ன நிலைமை?

இந்தியாவின் சாகித்ய அகாடமி 2010 முதல் பால சாகித்ய புரஸ்கார் வழங்குகிறது. 24 மொழிகள், மொழிக்கு ஒருவர், 50,000 ரூபாய். தமிழில் முதல் பரிசு ம. கமலவேலனின் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’ நூலுக்கு.

‘தமிழ்ல சிறுவர் கதைன்னா காக்கா வடை திருடினதுதானே’ என்று இன்னும் நினைத்துக்கொண்டிருந்தால், அண்மைய வெற்றியாளர்களைப் பாருங்கள். எஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ (2020), குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி, பயமுறுத்தாமல் பேசுகிறது. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ (2023) ஒரு பையனைக் கீழடிக் காலத்துக்கே கூட்டிப்போகிறது. 2024இல் யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’, 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’. 2019இல் பெற்ற தேவி நாச்சியப்பன், அழ. வள்ளியப்பாவின் மகள்.

இந்தப் பட்டியலில் ஒன்று இடிக்கிறது. எல்லாரும் எழுத்தாளர்கள். படம் வரைந்தவருக்கு அந்த விருதில் தனிப் பிரிவு இல்லை. யூமா வாசுகி கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவர், ஓவியர். அவருக்கும் பரிசு வந்தது எழுத்தின் வழியாகத்தான்.

தமிழில் ஓவியர்கள் இல்லாமலா? வேதாளத்தைத் தோளில் சுமந்து, கையில் வாளோடு, சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தன் படத்தை மனத்தில் கொண்டுவாருங்கள். வந்துவிட்டதா? உங்கள் அப்பா அம்மாவிடம் கேட்டால் இன்னும் வேகமாக வரும். அது ‘அம்புலிமாமா’ இதழில் வந்த படம். 1947இல் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கி, பிறகு பல இந்திய மொழிகளுக்குப் போன இதழ் அது. மொழி மாறினாலும் படம் மாறாது. அதனால் தமிழ்ப் பிள்ளையும் ஒரியப் பிள்ளையும் ஒரே விக்கிரமாதித்தனைப் பார்த்து வளர்ந்தார்கள்.

வரைந்தவர் சங்கர். முழுப்பெயர் கே.சி. சிவசங்கரன், தமிழ்நாட்டுக்காரர், 1924இல் பிறந்தவர். 1950களின் தொடக்கத்தில் சேர்ந்து, இதழின் கடைசிக் காலம்வரை ஏறத்தாழ அறுபது ஆண்டு வரைந்தார். படத்தைத் தெரிந்தவர்கள் கோடிக்கணக்கில். பெயரைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? 2020 செப்டம்பரில் அவர் காலமானார். 2021இல், மறைவுக்குப் பிறகு, இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தது. அது சிறுவர் நூலுக்கான விருது அல்ல, கலைக்கான பொது விருது. அதுவும் அவர் போன பிறகு.

விருது இருந்தால்தான் கலைஞர் வளர்வார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓவியருக்குத் தனிப் பிரிவு இருக்கும் இடத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது யாராவது உட்கார்ந்து, ‘இந்த ஆண்டு நல்லா வரைஞ்சது யார்?’ என்று கேட்டே ஆகவேண்டும். அந்தக் கேள்வி கேட்கப்படாத இடத்தில், ஒரு படத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு ஓவியர் போய்விடுகிறார்.

வேறு மாதிரி நடந்ததும் உண்டு, அதுவும் சென்னையில். தாரா புக்ஸ் பதிப்பகம் 2006இல் ‘த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ என்ற நூலைக் கொண்டுவந்தது. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரின் மரங்கள், கறுப்புக் கைமுறைக் காகிதத்தில் ஒவ்வொரு நிறமாகக் கையால் அச்சிடப்பட்டன. அட்டையில் நூலாசிரியர்களாக இருப்பது அந்த மூன்று ஓவியர்களின் பெயர்கள். 2008இல் இத்தாலியின் பொலோனியா சிறுவர் நூல் கண்காட்சியில் ‘நியூ ஹொரைசன்ஸ்’ பிரிவில் அது விருது பெற்றது.

நம்ம பக்கத்துல?

சிங்கப்பூர் புத்தக மன்றம் ஹெட்விக் அனுவார் பெயரில் ஒரு சிறுவர் நூல் விருதை வைத்திருக்கிறது. பரிசு 10,000 வெள்ளி. ஹெட்விக் அனுவார் யார் என்று கேட்டால், ஜொகூர் பாருவில் பிறந்து, தேசிய நூலகத்தின் இயக்குநராக 1988 வரை இருந்தவர். நியூபெரிக்குப் புத்தக வியாபாரியின் பெயர், நமக்கு நூலகரின் பெயர். எனக்கு நம்முடையதுதான் பிடித்திருக்கிறது.

இன்னும் நூலாக வராத கையெழுத்துப்படிக்கென்று ஸ்கொலாஸ்டிக் ஆசிய நூல் விருது வந்தது. 2010இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஆசியச் சிறுவர் இலக்கிய விழாவோடு சேர்ந்து பிறந்தது அது. 2011இல் முதலில் வென்றவர் உமா கிருஷ்ணசாமி, படைப்பு ‘புக் அங்கிள் அண்ட் மீ’. தெருமுனையில் இலவசமாக நூல் இரவல் தரும் பெரியவரைத் துரத்தப் பார்க்கிறார்கள். ஒன்பது வயது யாஸ்மின் அதை எதிர்த்து உள்ளூர்த் தேர்தலையே கலக்குகிறாள். பரிசுக்குப் பிறகுதான் அது நூலானது, அப்புறம் வட அமெரிக்காவரை போனது.

மலேசியாவில் யூசோஃப் காஜாவைச் சொல்லவேண்டும். ‘காஜா’ என்றால் யானை. அவர் வரைவதும் பெரும்பாலும் யானைகள்தான். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய வட்டாரங்களின் ஓவியர்களுக்காக ஜப்பானில் நடந்த நோமா படக்கதை ஓவியப் போட்டியில் 1990களில் ஆக உயர்ந்த பரிசைப் பெற்றார். எழுத்துப் பக்கம் ஹன்னா அல்காஃப். 1969 கலவரத்தைப் பின்னணியாகக் கொண்ட அவருடைய ‘த வெயிட் ஆஃப் அவர் ஸ்கை’ 2019இல் அமெரிக்காவின் ஃப்ரீமன் விருது பெற்றது. ‘த கேர்ல் அண்ட் த கோஸ்ட்’ 2020 கிர்கஸ் பரிசின் இறுதிச் சுற்றுவரை போனது. நியூபெரி, கால்டெகாட் பக்கம் அவர் போட்டியிட முடியாது. அவை அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் மட்டும்.

சரி, நான் போட்டியில கலந்துக்கலாமா?

கலந்துக்கலாம். ஆனால் விதிமுறையைப் படிக்கும்போது பரிசுத் தொகையைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்கவேண்டியது மொழி: தமிழில் அனுப்பலாமா, ஆங்கில மொழிபெயர்ப்பு கூட இணைக்கவேண்டுமா? அடுத்து, அச்சான நூலா, கையெழுத்துப்படியா? அனுப்பவேண்டியது நீங்களா, பதிப்பகமா? குடியுரிமை, வசிப்பிடம், நூல் வெளியான தேதி இந்த மூன்றில்தான் நிறையப் பேர் அடிபடுகிறார்கள்.

நுழைவுக் கட்டணம் கேட்பதெல்லாம் மோசடி அல்ல. ஆனால் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, ‘நீங்களும் வெற்றியாளர்’ என்று ஏகப்பட்ட பிரிவுகளில் எல்லாருக்கும் பதக்கம் தந்து, அட்டையில் ஒட்டும் முத்திரையையும் விலைக்கு விற்கும் போட்டிகள் இணையத்தில் உலவுகின்றன. நடுவர்கள் யார், முந்தைய ஆண்டுகளில் வென்ற நூல்கள் எவை, அவை ஏதாவது நூலகத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இருவராகச் செய்கிறீர்கள் என்றால், நண்பர் எழுதுகிறார், நீங்கள் வரைகிறீர்கள் என்றால், பரிசு வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதை வருவதற்கு முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சில விருதுகள் இருவருக்கும் பிரித்துத் தரும், சில ஒருவருக்கு மட்டும்.

பதிப்பகத்திடம் போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். படங்களின் உரிமை யாரிடம் இருக்கும், எவ்வளவு காலத்துக்கு? பொம்மை, ஒளிபரப்பு, வேறு மொழி என்று நூல் வேறு வடிவம் எடுத்தால் அதில் உங்களுக்குப் பங்கு உண்டா? பேக் ஹீ-நாவுக்கு அந்தக் கேள்விகளை யாரும் சொல்லித் தரவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தால் மூன்றாவதிலிருந்து தொடங்கலாம், அது சுலபம்: ‘ஓவியம்’ என்று என் பெயர் எங்கே வரும், அட்டையிலா, இல்லை உள்ளே பொடி எழுத்திலா?